ஆற்றை விட்டு ஐம்பது மீட்டர்

இடுப்பளவு தண்ணீரில் நிற்பது தன் தம்பிதான் என்று பிரேமலாவுக்கு முதலில் தெரியவில்லை. காலை மூட்டம் ஆற்றின் மேல் படுத்துக் கிடந்தது. அரிசி களைந்த தண்ணீரைச் சயூர் மானிஸ் கீரைப் பாத்தியில் ஊற்றப் பின்கதவைத் திறந்தவள், கீழே வளைவில் ஒரு ஆள் ரப்பர் கால்சட்டை மாட்டிக்கொண்டு போத்தலில் தண்ணீர் பிடிப்பதைப் பார்த்தாள். திருட்டுத்தனமாக மீன் மருந்து போடுகிறவனோ என்று நினைத்து ஒரு சத்தம் போட வாயெடுத்தபோதுதான், அந்த ஆள் தலையைச் சொறிந்த விதம் கண்ணில் பட்டது.

"டேய் யுகேந்திரா! சொல்லாம கொள்ளாம வந்து ஆத்துல நிக்கிற?"

"வேலைதான்கா! முடிச்சிட்டு மேல வர்றேன். பசிக்குது லா!"

அவளுக்கு அடுப்படிக்கு ஓடத்தான் தோன்றியது. நேற்று வைத்த கருவாட்டுக் குழம்பைச் சூடாக்கினாள். முட்டை இரண்டைப் பொரித்தாள். அம்மாவும் அப்பாவும் ஒரே வருசத்தில் போய்ச் சேர்ந்தபோது யுகேந்திரன் பள்ளிக்கூடப் பையன். பிரேமலா அப்போதுதான் கல்யாணமாகி தேயிலைத் தோட்டத்தின் ஆற்றோர வரிசை வீடுகளான ஆத்து லயத்துக்கு வந்திருந்தாள். கூடவே தம்பியையும் கூட்டிக்கொண்டு வந்தாள். அவளுக்கென்று பிள்ளை பிறக்கவில்லை. கொழுந்துக் கூடையைச் சுமந்து அவனைப் படிக்க வைத்தாள். ஆத்து லயத்தின் ஏழு வீடுகளில் பல்கலைக்கழகம் போனவன் அவன் ஒருவன்தான். இப்போது ஈப்போவில் ஒரு ஆலோசனைக் கம்பெனியில் வேலை. யாராவது மலையையோ ஆற்றையோ தோண்ட வேண்டுமென்றால், தோண்டினால் என்ன ஆகும் என்று அளந்து அறிக்கை எழுதுவார்கள். சுற்றுச்சூழல் ஆபீஸ் அதைப் படித்துத்தான் அனுமதி கொடுக்கும்.

வீட்டுக்குள் வந்ததும் அவன் ஈரக் காலுறையைக் கழற்றி அடுப்புப் பக்கம் வைத்தான். அவள் புருசன் நல்லுசாமி அதற்குள் எழுந்து சுவெட்டரை மாட்டிக்கொண்டு நாற்காலியை இழுத்துப் போட்டிருந்தான். அவன் ஓட்டிய தோட்டத்து லோரியைக் குத்தகைக்கு விட்ட நாளிலிருந்து அவனுக்கு நிரந்தர வேலை இல்லை. கொழுந்து பறிக்க மெஷினும் பங்ளாதேஷ் ஆட்களும் வந்தபின் பிரேமலாவும் தோட்டத்தில் இல்லை. திரிங்காப்பில் ஒரு காய்கறித் தோட்டத்தில் முட்டைக்கோஸ் பொறுக்கிப் பெட்டியில் அடுக்கப் போய்க்கொண்டிருந்தாள். வீடு தோட்டத்துடையது. 'வேணும்கிறப்போ கேப்போம், அதுவரைக்கும் இருங்க' என்று தோட்டத்து ஆபீஸ் பெரிய கிராணி சொல்லியிருந்தார். அந்த வார்த்தைதான் அவர்களுக்கு இருந்த பட்டா.

"கல்லு அள்ளப் போறாங்களாமே மாப்ள? கிராணி சொன்னாரு" என்றான் நல்லுசாமி.

"ஆமா மாமா. இந்த வளைவுல. கிரேவல், மணல் ரெண்டும். ஈப்போ கம்பெனி ஒண்ணு."

"மெஷின் ஓட்ட ஆள் எடுப்பாங்களா? எங்கிட்ட லைசன்ஸ் இருக்கு. பாடாங்ல சாலை போட்டப்ப ரெண்டு வருசம் மண்ணு தோண்டுற ஜெங்காட் ஓட்டியிருக்கேன்."

"எடுப்பாங்க. ஆனா..." யுகேந்திரன் சோற்றைப் பிசைந்துகொண்டே நிறுத்தினான். "இப்ப போட்டிருக்கிற பிளான் எனக்குப் பிடிக்கல மாமா. கரைய ஒட்டியே தோண்டுறாங்க. தோண்டினா ஆறு ஒரு பக்கமா இழுக்கும். மழைக்கு மழை இந்தக் கரை சரிஞ்சுகிட்டே மேல ஏறும். கீழ ஓராங் அஸ்லி பழங்குடிங்க குடியிருக்கிற கம்பத்துல இந்தத் தண்ணியத்தான் குடிக்கிறாங்க. அவங்களுக்குச் சேறுதான் போகும்."

"கரைன்னா எது?"

"இந்தக் கரைதான். முதல்ல அக்காவோட அடுப்படி போகும்."

பிரேமலா சிரித்தாள். "என் அடுப்படிய ஆறு வந்து எடுத்துக்கிட்டுப் போகுமா? போகட்டும், பாத்திரம் கழுவுற வேலை மிச்சம்."

"விளையாட்டு இல்லக்கா."

நல்லுசாமி தட்டைப் பார்த்தபடி சொன்னான்: "நீ பெருசா எழுதிவச்சு, கம்பெனிக்காரன் வேணாம்னு போயிட்டா? நான் உன்னைக் குறை சொல்லல மாப்ள. ஆத்தையும் பாரு, எங்களையும் கொஞ்சம் பாரு."

யுகேந்திரன் தட்டை வழித்துச் சாப்பிட்டு எழுந்தான். கையைக் கழுவிக்கொண்டு, போத்தல்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டு போனான். அக்கா கட்டிக்கொடுத்த சம்பலை மட்டும் மறக்காமல் எடுத்துக்கொண்டான்.

*

தோட்டத்து டேவான் மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். கல் அள்ளும் கம்பெனி செலவில் கறிபாப் பலகாரமும் சூடான மீலோவும் வைத்திருந்தார்கள். கம்பெனி மேனேஜர் திருச்செல்வம் ஈப்போக்காரர். வெள்ளைச் சட்டை, மரியாதையான பேச்சு. ஒவ்வொருவரையும் அண்ணே, அம்மா என்றே கூப்பிட்டார். சுவரில் ஒரு பெரிய படத்தை ஒட்டி, மலாயில் இருந்ததைத் தமிழில் சொன்னார்.

பக்கத்து வீட்டுத் துளசி எழுந்தாள். "தூசி வருமா சார்? நாங்க துணி காயப்போட வேணாமா?"

"தண்ணி தெளிப்போம்மா. தினமும் ரெண்டு வேளை."

"லோரி எந்தப் பக்கம் போகும்?" என்று கேட்டார் கடைசி வீட்டுக் கருப்பையா. தனி ஆள். முன்னாள் மருந்தடிப்பாளர். ஆறு பக்கத்திலேயே இரைவதுகூட அவர் காதுக்கு இப்போது சரியாகக் கேட்பதில்லை.

"லயத்து ரோட்டத் தொட மாட்டோம் அண்ணே. தனியா வழி போடுவோம்."

எல்லோரும் கறிபாப்பைப் பார்க்கத் தொடங்கிய நேரத்தில், பின்வரிசையில் நின்றிருந்த யுகேந்திரன் முன்னே வந்தான். கூட வந்திருந்த அவன் முதலாளி கண்ணால் வேண்டாம் என்றார். அவன் நிற்கவில்லை. கரை சரியும் என்றான். கம்பத்துத் தண்ணீர் கெடும் என்றான். ஆற்றோரத்திலிருந்து ஐம்பது மீட்டர் விட்டுத்தான் தோண்ட வேண்டும், கழுவுகிற தண்ணீரை நேராக ஆற்றில் விடாமல் குட்டை வெட்டித் தேக்கி, சேறு அடங்கிய பிறகே விட வேண்டும் என்றான்.  ஒரு வார்த்தையும் விடவில்லை. சுற்றுச்சூழல் ஆபீஸிலிருந்து வந்திருந்த மலாய்க்கார அம்மா குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்.

துளசி பிரேமலாவின் தொடையைக் கிள்ளினாள். "உன் தம்பி வக்கீல் மாதிரி பேசுறான்டி."

பிரேமலாவுக்கு நெஞ்சு நிறைந்துபோனது. பக்கத்தில் நல்லுசாமி மீலோ கிண்ணத்தைக் கையில் சுற்றிக்கொண்டே இருந்தான். ஆறிப்போனதைக் குடிக்கவில்லை.

கொஞ்ச காலம் கழித்து யுகேந்திரன் போன் போட்டான். அவள் திரிங்காப்பில் முட்டைக்கோஸின் வெளித்தழையை உரித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா! ஆபீஸ் அந்தப் பிளானத் திருப்பி அனுப்பிட்டாங்க. நான் சொன்ன அத்தனையும் போட்டிருக்காங்க. அம்பது மீட்டர், குட்டை, எல்லாம். ஆத்தத் தொட முடியாது இனிமே."

"அப்ப வேலை நடக்காதா?"

"நடக்கும். வேற மாதிரி நடக்கும். மாமாவுக்கும் வேலை இருக்கும். வீடும் நிக்கும். சொல்லு அவருகிட்ட."

அன்று அவள் வேலை முடிந்து ஏறிய வேனில் ஊருக்கே சொல்லிக்கொண்டு வந்தாள். வீட்டில் சேமியா பாயசம் வைத்து ஏழு வீட்டுக்கும் கொடுத்தாள். நல்லுசாமி இரண்டு கிண்ணம் குடித்துவிட்டு, பெட்டியின் அடியிலிருந்து லைசன்ஸை எடுத்துத் துடைத்துப் பார்த்தான்.

*

நிலம் அளப்பவர்கள் வந்தபோது பிரேமலா வீட்டில் இல்லை. வேலை விட்டு வந்து பின்பக்கம் போனாள். சயூர் மானிஸ் பாத்திக்கு நடுவில் ஒரு கட்டை அடித்திருந்தார்கள். தலையில் சிவப்புச் சாயம். இன்னொன்று துளசியின் கோழிக்கூண்டுக்கு அந்தப் பக்கம். மூன்றாவது ஒன்று கருப்பையாவின் வாசலில். சாயம் இன்னும் காயாமல் கையில் ஒட்டியது.

மறுநாள் கிராணியிடம் போனாள். அவர் முகத்தைப் பார்க்காமல், "கம்பெனி ஆளு வருவாரு, பேசிக்கங்க" என்றார்.

திருச்செல்வம் வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். கொடுத்த தேநீரைக் குடித்தார்.

"அம்மா, மறைக்காமச் சொல்லிடறேன். எங்களுக்கு ஆத்துக்குள்ள அள்ளுறதுதான் சுலபம். செலவும் கம்மி. அதுதான் எங்க முதல் பிளான். இந்த லயத்த நாங்க நினைச்சுக்கூடப் பாக்கல. ஆனா ஆபீஸ் அம்பது மீட்டர் விடணும்னு சொல்லிட்டாங்க. சட்டத்த மீற முடியுமா? அம்பது மீட்டர் விட்டா எங்க வரும்னு அளந்து பாத்தோம்."

"எங்க வரும்?"

"இங்கதான். முன்னாடி ஆறு இந்தப் பக்கமாத்தான் ஓடியிருக்கும்மா. பழைய கல்லு பூரா இந்தத் தரைக்கு அடியிலதான் இருக்கு. குட்டை வெட்டவும் சமதரை வேணும். மேல பூரா தேயிலைச் சரிவு. சமதரைன்னு இருக்கிறது இது ஒண்ணுதான்."

நல்லுசாமி கதவோரம் நின்றான். "தோட்டம் என்ன சொல்லுது?"

"துரை சரின்னுட்டாரு அண்ணே. மேல் லயத்துல எடமில்ல, பங்ளா ஆளுங்க ரொம்பிட்டாங்க. வீடு மாறுற செலவுக்கு நாங்க குடுக்கிறோம். வாடகைக்கும் கொஞ்ச நாளைக்கு உதவி உண்டு. அதுவும் அனுமதியில எழுதியிருக்கு." அவர் குரலைத் தாழ்த்தினார். "உங்க வேலை உறுதி அண்ணே. அத நான் பாத்துக்கறேன்."

அவர் போனபின் பிரேமலா போனை எடுத்தாள். யுகேந்திரன் எடுக்கவில்லை. மறுபடியும் எடுக்கவில்லை. அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. அவனுக்கு முன்பே தெரியும்.

*

ஞாயிற்றுக்கிழமை மழையில் நனைந்துகொண்டு வந்தான். உட்காரவில்லை. பின்கதவுப் பக்கம் போய், சிவப்புக் கட்டையைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

"எப்பத் தெரியும் உனக்கு?"

"புதுப் பிளான் மேசைக்கு வந்தப்போ. ஒரு வாரமாச்சு. போன எடுத்து எடுத்து வச்சேன்கா."

"உள்ள வா. நனையாத."

"அக்கா, நான் இந்த வீட்டுக்காகத்தான் சொன்னேன். கரை சரிஞ்சா நீ ராத்திரி தூங்கிட்டு இருப்பியேன்னு பயந்துதான் சொன்னேன்."

"தெரியும்."

"அறிக்கையில வீட்டப் பத்தி எழுதப் பாத்தேன். ஏழு குடும்பம் இருக்குன்னு எழுதினேன். முதலாளி, 'தோட்டத்து நிலம், தோட்டமே சம்மதிச்சாச்சு, நீ என்ன எழுதுற?'ன்னாரு. ஆபீஸ்லயும் போய்க் கேட்டேன். அந்த அம்மா நல்லவங்கதான். 'ஆத்துக்கு ரூல் இருக்கு தம்பி, காட்டுக்கு ரூல் இருக்கு. இவங்களுக்குப் பட்டா இருந்தா நான் கேக்கலாம்'னாங்க."

"அப்ப ஆத்துக்கு இருக்கிறது நமக்கில்ல" என்றாள் பிரேமலா. கோபமாகச் சொல்லவில்லை. உப்பு இல்லை, எண்ணெய் இல்லை என்று கடைக்குப் போகுமுன் சொல்வதுபோலச் சொன்னாள்.

"வேலைய விட்டுடறேன்கா."

"விட்டா?" நல்லுசாமி உள்ளேயிருந்து கேட்டான். அவன் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். "விட்டா இந்தக் கட்டையப் பிடுங்கிருவாங்களா? நீ போனா இன்னொருத்தன் வருவான். அவனுக்கு இந்தக் கருவாட்டுக் குழம்பு யாரு வச்சதுன்னுகூடத் தெரியாது. பேசாம இரு."

"மாமா, நீங்க அங்க வேலைக்குப் போறீங்களா?"

"போறேன்."

யுகேந்திரன் அக்காவைப் பார்த்தான். அவள் சுளகில் நெத்திலித் தலையைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். கிள்ளிய தலைகளை ஒரு பக்கம், உடலை ஒரு பக்கம்.

"உன்னைத் திட்டலாம்னு பாத்தேன்டா" என்றாள். "வாய் வரல. அந்த மேனேஜரத் திட்டலாம்னா அந்த ஆளு தேத்தண்ணி குடிச்சிட்டுக் கிண்ணத்தக் கழுவி வச்சிட்டுப் போறாரு. யாருமே தப்பா எதுவும் செய்யலியேடா. அப்படியிருந்தும் எப்படிடா வீடு போகுது?"

அவன் தரையில் உட்கார்ந்து முழங்காலுக்குள் முகத்தை வைத்துக்கொண்டான். மழை தகரத்தில் அடித்தது. அவள் எழுந்துபோய் அவன் தலையைத் துவட்டினாள். சின்ன வயதில் துவட்டியதுபோல அழுத்தித் துவட்டினாள். அவன் சோறு வேண்டாம் என்றான். அவள் வற்புறுத்தவில்லை. அவன் அந்த வீட்டில் சாப்பிடாமல் போனது அதுதான் முதல் தடவை.

*

துளசி மகன் வீட்டுக்கு, சிம்பாங் பூலாய்க்குப் போனாள். கருப்பையாவை முதியோர் இல்லத்தில் சேர்த்தார்கள். எங்கே போகிறோம் என்பது காதில் சரியாக விழாமலே அவர் வேனில் ஏறினார். பிரேமலாவும் நல்லுசாமியும் கம்போங் ராஜாவில் ஒரு உரக்கடையின் மாடியில் அறை பிடித்தார்கள். ஜன்னலைத் திறந்தால் கோழிச்சாண உரத்தின் வாடை. மூடினால் சுவரில் தண்ணீர் கசிந்தது. லயத்தில் பின்கதவைத் திறந்தால் கீரை. இங்கே கீரையைக் கட்டாக வாங்கினாள். கட்டை அவிழ்க்கும்போதெல்லாம் அவளுக்கு வெட்கமாக இருந்தது.

வீடுகளை இடிக்கும் நாளில் நல்லுசாமிதான் மெஷினில் இருந்தான். வேறு ஆளைப் போடுகிறேன் என்று திருச்செல்வம் சொல்லியிருக்கிறார். இவன் கேட்கவில்லை.

சாயங்காலம் வந்து செம்மண் அப்பிய பூட்ஸோடு படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டான். பிரேமலா தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

"எப்படி இருந்துச்சு?"

"ஒண்ணுமே இல்ல பிரேமலா. பலகை வீடுதானே. மெஷின் வாளியக் கொண்டுபோய் சும்மா சாச்சேன். படுத்துருச்சு." தண்ணீரைக் குடித்துவிட்டு, "கொஞ்சமாவது எதுத்து நிக்கும்னு நினைச்சேன்" என்றான்.

அன்றைக்குச் சாப்பிடவில்லை. மறுநாள் விடியுமுன் எழுந்து வேலைக்குப் போனான்.

முதலில் எல்லாம் சொன்னபடி நடந்தது. ஐம்பது மீட்டருக்கு வேலி போட்டார்கள். சாலையில் இரண்டு வேளையும் தண்ணீர் தெளித்தார்கள். அந்தச் சாலையோரம் இப்போது துணி காயப்போட யாரும் இல்லை. யுகேந்திரன் மாதாமாதம் வந்து சோதனைக்கு ஆற்றில் தண்ணீர் பிடித்தான். தண்ணீர் தெளிவாகவே இருந்தது. மாடியறைக்கு வந்து ஒரு வாய்த் தேநீர் மட்டும் குடிப்பான். தண்ணீர் நல்லா இருக்குக்கா என்பான். அவளும் சந்தோசம் என்பாள்.

கல்தான் ஏமாற்றியது. மேலே கொஞ்சம் நல்ல கல். அதற்குக் கீழே பூராவும் களிமண். அள்ளிய கல்லைக் கழுவக் கழுவக் களி கரைந்து குட்டை கூழாகியது. குட்டையை இரண்டாக்கினார்கள், ஆழமாக்கினார்கள். வாங்குகிறவன் கல்லில் களி இருக்கிறது என்று லோரியைத் திருப்பி அனுப்பினான். "ஆத்துக் கல்லுன்னா இந்நேரம் ஓடியிருக்கும்" என்று திருச்செல்வம் புலம்பியதாக நல்லுசாமி வந்து சொன்னான்.

வருசக் கடைசியில் மழை பிடித்தது. விடாமல் பிடித்தது. ஒரு மத்தியானம் குட்டையின் வரப்பு உடைந்து, அதுவரை தேக்கி வைத்த அத்தனை சேறும் ஒரே மூச்சில் ஆற்றில் இறங்கியது. கீழே ஓராங் அஸ்லி கம்பத்தில் குழாய்கள் அடைத்துக்கொண்டன. அவர்களுக்கு லோரியில் தண்ணீர் கொண்டுபோனார்கள். ஆபீஸ் வேலையை நிறுத்தியது. கம்பெனி அதற்காகவே காத்திருந்ததுபோல மெஷின்களை ஏற்றிக்கொண்டு கிளம்பியது. நல்லுசாமி கடைசி மெஷினை லோரியில் ஏற்றிக்கொடுத்துவிட்டு, கம்போங் ராஜாவுக்கு நடந்தே வந்தான்.

அதன்பிறகு அவன் பேச்சு குறைந்தது. உரக்கடையில் மூட்டை இறக்கக் கூப்பிட்டால் போவான். இல்லையென்றால் ஜன்னலை மூடிக்கொண்டு படுத்திருப்பான்.

*

போகும்போது தோண்டிய இடத்தை மூடி மரம் நட்டுக் கொடுக்க வேண்டும் என்பதும் அனுமதியில் இருந்தது. கம்பெனி அந்த வேலையை ஒரு குத்தகைக்காரரிடம் விட்டது. குத்தகைக்காரர் ஆள் தேடினார். முட்டைக்கோஸ் வேலை குறைந்திருந்த நேரம். பிரேமலா போனாள்.

வேனிலிருந்து இறங்கியதும் அவளுக்குத் திசை பிடிபடவில்லை. லயமிருந்த இடம், ரோடு, கோழிக்கூண்டு எதுவும் இல்லை. அரைகுறையாக மூடிய குழியும், மஞ்சளாக வெந்து கிடந்த களிமண்ணும், ஒரு ஓரத்தில் தண்ணீர் தேங்கிய பள்ளமும்தான். எதிர்க்கரையில் இருந்த ஒரு பாறையை வைத்துக் கணக்குப் பார்த்து, அடுப்படி எங்கே இருந்தது என்று தேடினாள். அந்த இடத்தில் வெறும் காற்றுதான் இருந்தது. தரையே ஒரு ஆள் உயரம் கீழே போயிருந்தது.

"ஒண்ணுக்கொண்ணு அஞ்சடி விடும்மா" என்றார் குத்தகைக்காரர். "ஒரே நேரா வரணும். போட்டோ எடுப்பாங்க."

அவள் குழி தோண்டினாள். களி மண்வெட்டியை விடாமல் பிடித்துக்கொண்டது. கன்றுகளின் பையைக் கிழித்து இறக்கி, சுற்றிலும் மிதித்தாள். இது பிழைக்காது என்று அவளுக்குத் தெரிந்தது. கூட நட்ட மூன்று பெண்களுக்கும் தெரிந்தது.  மத்தியானம் கட்டிக்கொண்டு வந்த சோற்றை ஆற்றைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிட்டார்கள். ஆறு இன்னும் பால் தேத்தண்ணி நிறத்தில்தான் ஓடியது.

மூன்றாம் நாள் யுகேந்திரன் வந்தான். நட்டு முடித்ததைப் படமெடுத்து ஆபீஸுக்கு அனுப்ப வேண்டும். அக்கா இங்கே வேலை செய்வது அவனுக்குத் தெரியாது. வரிசையின் நடுவில், தலையில் துண்டு கட்டி, முழங்கால் வரை களியோடு நின்றவளைப் பார்த்ததும் கேமராவைத் தாழ்த்தினான்.

"அக்கா..."

"சாப்டியாடா?"

"ம்."

பொய் என்று அவளுக்குத் தெரிந்தது. இளைத்திருந்தான்.  குத்தகைக்காரர் பின்னாலிருந்து, "வெளிச்சம் போகுது சார், மழை வருது" என்று குரல் கொடுத்தார்.

யுகேந்திரன் கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோனான்.  பிறகு கேமராவை இறக்காமலே, முகம் தெரியாதபடி, மெல்லச் சொன்னான்:

"அக்கா, கொஞ்சம் தள்ளி நில்லு. கன்னு மட்டும்தான் படத்துல வரணும்."

அவள் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு நகர்ந்தாள்.

"இன்னும் கொஞ்சம்கா."

களியில் கால் புதைந்தது. பிடுங்கிப் பிடுங்கி வைத்து நடந்தாள்.

"இன்னும்."

வேலிக்கு அந்தப் பக்கம் போய் நின்றாள். "இப்ப?" என்று கேட்டாள்.

"இப்பத் தெரியலக்கா" என்றான் அவன்.